எலுமிச்சம்பழத்து மேல நின்ன ரம்பம்

ஒரு ஊர்ல ஒரு வீடு, அந்த வீட்ல ரெண்டு மருமகள், ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ரம்ப மிஷின். ம் சொல்லு.

ம்.

மூத்தவ வடிவு, இளையவ செண்பகம். அடுப்பு தனித்தனி, நடுவுல ஒரே ஒரு சுவரு. மிஷின்னா பெரிசா நினைக்காத. தையல் மிஷின் மாதிரி ஒரு தட்டு, தட்டுல ஒரு ஓட்டை, ஓட்டை வழியா நூல் கனத்துக்கு ஒரு பிளேடு மேலயும் கீழயும் குதிச்சுக்கிட்டே இருக்கும். பலகையை வளைச்சு வளைச்சுக் காட்டினா பூவு, மீனு, மயிலு எல்லாம் அறுத்துத் தரும்.

அப்போ ஒரு நாள் பால்வாடி டீச்சர் வந்தாங்க. "பிள்ளைங்க துண்டு துண்டாப் பொருத்தி விளையாட மர மயில் வேணும். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க. எது நல்லா இருக்கோ அவங்களுக்குத்தான் மொத்த வேலையும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வடிவுக்கு அந்த வேலை வேணும். செண்பகத்துக்குக் கிடைக்கக் கூடாதுன்னு அதைவிட அதிகமா வேணும். ஆமா, அப்படியும் இருப்பாங்க. நீ மட்டும் என்ன, உன் தங்கச்சிக்குப் பெரிய தோசை போயிட்டா முகத்தைத் தூக்கி வெச்சுக்கறல்ல.

அப்புறம் வடிவு மிஷினைப் போட்டா. டடடட தடதடன்னு மிஷினே எழுந்து ஓடப் பார்க்குது. மயிலோட கொண்டை கோணிக்கிட்டுப் போச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகம் மிஷின் ஸ்ஸ்ர்ர்ர்... ஸ்ஸ்ர்ர்ர்னு பாடுது. வடிவுக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது. "ரெண்டும் ஒரே லாரியில வந்துச்சு. மாமியார் நல்லதை அவளுக்குத் தள்ளிட்டாங்க"ன்னு முணுமுணுத்தா.

சும்மா போய்ப் பார்க்க முடியுமா? கையில ஒரு கிண்ணத்தை எடுத்துக்கிட்டா. "செண்பகம், கொஞ்சம் உறைமோர் இருக்கா?"

"இருக்குக்கா, எடுத்துட்டு வர்றேன்."

அவ உள்ள போன நேரத்துல வடிவு குனிஞ்சு பார்த்தா. மிஷினோட நாலு காலுக்கும் அடியில பழைய ரப்பர் செருப்பை வெட்டி வெச்சு, நட்டுப் போட்டு இறுக்கியிருக்கா. உறைமோரை வாங்கிட்டு வந்து தன் மிஷினைச் சுத்தியிருந்த மஞ்சத்துணியைத் தூக்கிப் பார்த்தா, காலுக்கு ஒண்ணா நாலு எலுமிச்சம்பழம்.

ஆயுத பூஜைக்கு வெச்சது. செண்பகம் மிஷினைவிடத் தன் மிஷினுக்குப் பூஜை ஒரு படி மேல நடக்கணும்னு, வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் வெச்சிருந்தா. வண்டின்னா ஓடி நசுக்கிட்டுப் போயிடும். ரம்பம் எங்க ஓடும்? அப்படியே பழத்து மேல நின்னுச்சு. ஒண்ணு அழுகி, மூணு காஞ்சு, மிஷின் ஆட்டம் ஆடுது. பொறுக்கித் தூரப் போட்டுட்டு, செருப்பை வெட்டி வெச்சு இறுக்கினா. ஆட்டம் நின்னுச்சு. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்புறம் மறுபடி அறுத்தா. இப்போ பிளேடு கோட்டுல போகாம தொளதொளன்னு அலைஞ்சு, சடக்னு கழண்டு விழுந்துச்சு. அந்தப் பக்கம் ஸ்ஸ்ர்ர்ர். வடிவு பல்லைக் கடிச்சுக்கிட்டு, "செண்பகம், தீப்பெட்டி இருக்கா?"ன்னு போய் நின்னா.

செண்பகம் அப்போ புது பிளேடு மாட்டிக்கிட்டிருந்தா. மேல் பிடி, கீழ்ப் பிடி ரெண்டையும் துணியால நல்லாத் துடைச்சு, பிளேடை மாட்டி இறுக்கி, விரலால ஒரு மீட்டு மீட்டினா. டிங்... ன்னுச்சு. வடிவு வீட்டுக்கு வந்து தன்னோடதை மீட்டினா. தொப். என்னடான்னு பார்த்தா, ரெண்டு பிடிக்குள்ளயும் பூஜைச் சந்தனம் அப்பிக் காஞ்சு கெடக்கு. அப்புறம் பிளேடை எப்படிப் பிடிக்கும்? பல்துலக்குற பிரஷ் போட்டுச் சுரண்டினா. இறுக்கினா. டிங்.

அப்போ மூணாவது தடவை அறுத்தா. அலையல, ஆடல, மயில் அழகா வந்துச்சு. ஆனா துண்டைத் திரும்ப வைக்கப் போனா, மேல இருந்து போக மாட்டேங்குது. கீழ இருந்துதான் போகுது. அறுப்பு சாஞ்சிருக்கு. ஏன்னு தெரியல. வடிவுக்கு அழுகையே வந்துடுச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"செண்பகம், கொஞ்சம் பெருங்காயம்..."

செண்பகம் கையில மூலைமட்டம் இருந்துச்சு, 'ட' எழுத்து மாதிரி, நேரா நிக்குதான்னு பார்க்கறது. அதைத் தட்டு மேல நிறுத்தி, பிளேடோட ஒட்டி வெச்சு, நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பார்த்துக்கிட்டிருந்தா. நிமிரவே இல்ல.

"ஏன்க்கா, ஒரு வீட்ல உறைமோரு, தீப்பெட்டி, பெருங்காயம் மூணும் ஒரே நாள்லயா தீரும்?"

செண்பகம் மூலைமட்டத்தைக் கீழ வெச்சா.

"நான் ஒண்ணு சொல்றேன்க்கா. பூஜைக்கு அத்தை ரெண்டு மாலை வாங்கிட்டு வந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு. என்னோடதையும் எடுத்து உங்க மிஷினுக்கே போட்டுட்டீங்க. என் மிஷினுக்கு ஒரு பொட்டுதான் மிச்சம். நான் வடை சுட்டுக்கிட்டே அழுதேன். எண்ணெய்ப் புகைன்னு சொன்னேன்."

வடிவு பெருங்காயத்தை வாங்காமலே வந்துட்டா. வந்து தட்டுக்கு அடியில கையை விட்டா. தட்டைச் சாய்க்கற திருகுல காஞ்ச மாலை ஒண்ணு முடிச்சுப் போட்டிருக்கு. ஒரு மாலையை மேல கட்டியாச்சு, ரெண்டாவதுக்கு இடமில்லாம அடியில கட்டினா பாரு, அது. அந்த நாரு இடையில மாட்டி, தட்டு ஒரு மயிரிழை சாஞ்சிருக்கு. செண்பகத்தோட மாலை. முடிச்சை அவிழ்த்து அதை வெளியில எடுத்தா. அப்புறம் மூலைமட்டம் வெச்சுத் தட்டை நேராக்கி, விடிய விடிய இல்ல, சாயங்காலத்துக்குள்ளயே அவசர அவசரமா மயிலை அறுத்து முடிச்சா.

யாருக்கு வேலை கிடைச்சுதுன்னு கேக்கலையே நீ?

ம்?

செண்பகத்துக்கு. ரெண்டு மயிலும் நல்லா இருந்துச்சு. ஆனா வடிவு அவசரத்துல தோகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கல, சிராய் குத்துச்சு. பிள்ளைங்க கை பாரு. டீச்சர் செண்பகம் மயிலை எடுத்துக்கிட்டாங்க. வடிவுக்கு மறுபடியும் எரிஞ்சுது. பொய் சொல்வானேன்.

அப்புறம் அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்துச்சு. அத்தை ரெண்டு மாலை வாங்கிட்டு வந்தாங்க. வடிவு ஒண்ணை எடுத்துக்கிட்டு, ஆளில்லாத நேரமாப் பார்த்து செண்பகம் மிஷின் கிட்டப் போனா. திருகு எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும். அதுல ஒரு முடிச்சுப் போட்டா போதும், வருஷம் பூரா கோணலா அறுக்கும். யாருக்கும் தெரியாது. கை அடியில போச்சு. விரல் திருகுல பட்டுச்சு. அந்த எரிச்சல் அப்பவும் இருந்துச்சு, கண்ணு, போகல.

கையை வெளியில எடுத்தா. மாலையை மேல, எதுலயும் படாம, சுவத்துல விளக்கு மாட்டற ஆணியில கட்டினா. அப்புறம் பிளேடை ஒரு மீட்டு மீட்டிப் பார்த்துட்டு வந்தா. டிங்.

ம் சத்தமே காணோம். சரி, மிஷினை நிறுத்தியாச்சு, மயிலும் படுத்தாச்சு. நீயும் தூங்கு.