மூன்று பிஸ்டல்கள், இரண்டு சொற்கள்

பேச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த செண்பகவடிவுக்கு நாற்பத்தொன்று. அந்த அம்மா ஆயுதப்படையில் பதினாறு வருஷம் துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டி வேலை பார்த்துவிட்டு, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அப்பா விட்டுப்போன துப்பாக்கிக் கடையை எடுத்து நடத்துகிறவர். ரைபிள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடத்திய வகுப்புக்கு எட்டு மாதம் ஒரு வாரம்கூடத் தப்பாமல் வந்தவர் பேச்சிமுத்து மட்டும்தான். தன்னைவிடப் பதினேழு வயது இளையவரை அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். கூப்பிடும்போது தோள் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும்.

அன்று மதியம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கடையில் வேறு ஆள் இல்லை.

“டீச்சர், குறைஞ்ச விலையில நல்ல பிஸ்டல் எது? இத்தோட மூணாவது தடவை கேக்கேன். லைசென்ஸ்ல வாங்குறதுக்குக் கொடுத்த கெடு முடிய இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.”

“கத்தரிக்காயா அண்ணாச்சி, சொத்தை பாத்து எடுத்துக் கொடுக்கதுக்கு?”

“விளையாடாதீங்க டீச்சர். எனக்கு உசிரு போற காரியம்.”

செண்பகவடிவு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “யாரு எடுக்கப்போறா உங்க உசிரை?”

“வெள்ளைத்துரை. என் சித்தப்பா மவன்.”

இரண்டு பேருக்கும் பங்குக் கிணறு ஒன்று. நடுவரப்பில் இரண்டு அடி நிலத்துக்காக ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. பதினொரு நாளுக்கு முன்னால் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுபோனது. பேச்சிமுத்து கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தபோது வெள்ளைத்துரை வந்தான். இடுப்பில் அரிவாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். ஏதோ சொன்னான். போய்விட்டான். மறுநாள் மோட்டார் அங்கே இல்லை.

“திருடிட்டுப் போயிட்டாரா? இல்ல, கருகுன கம்பியை மாத்திக் காயில் கட்டக் கொண்டுபோயிருக்காரா?”

“அவனா காயில் கட்டுவான்! நல்லாச் சொன்னீங்க.”

“இடுப்புல அரிவாள்னீங்களே, அது தேங்காய் வெட்டுறதுதான?”

“தேங்காய் வெட்டுறதுதான் கழுத்தையும் வெட்டும்.”

“சரி. கிணத்தடியில என்ன சொன்னாரு?”

“‘நான் பாத்துக்கிடுதேன்’னான்.”

செண்பகவடிவு சாக்குக்கட்டியை எடுத்து, மேசையின் இரும்புத் தகட்டில் இரண்டு கோடு போட்டார். “ரெண்டு வார்த்தை,” என்றார். பிறகு எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார்.

உள்ளேயிருந்து எண்ணெய் வாடையோடு ஒரு குளிர் வந்தது. துண்டுச்சீட்டு கட்டிய துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. இறந்துபோனவர்களின் வீட்டார் கொண்டுவந்து ஒப்படைத்தவை, வெளியூர் போனவர்கள் பாதுகாப்புக்கு வைத்துவிட்டுப் போனவை. சீட்டுகள் ஒவ்வொன்றாக அசைந்தன. கடையில் அப்போது மின்விசிறி ஓடவில்லை.

மூன்று பிஸ்டல்களைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றும் முப்பத்திரண்டு போர் என்கிற ஒரே குழாய் அளவு. ஒவ்வொன்றிலும் தோட்டா அடைக்கும் மேகசினை உருவினார். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டினார்.

“இது வெளிநாட்டுச் சரக்கு. பழசு. கை மாறிக் கை மாறி மூணு பேர்ட்ட இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துட்டு. விலை கம்மி. கையில பிடிங்க.”

பேச்சிமுத்து பிடித்தார்.

“வெள்ளைத்துரை என்ன சொன்னாரு?”

“இப்பத்தான சொன்னேன்?”

“இன்னொரு தடவை. அவரு சொன்ன மாதிரியே.”

“ஒன்னைய நான் பாத்துக்கிடுதேன்.”

மூன்று கோடு விழுந்தது. “ஒரு வார்த்தை கூடியிருக்கே அண்ணாச்சி.”

“முதல்ல விட்டுப்போச்சு டீச்சர். அவன் சொன்னதுதான்.”

“விரலை வெளிய எடுங்க.”

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். ஆட்காட்டி விரல் விசை வளையத்துக்குள் இருந்தது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவர் செய்யாத தப்பு. அவசரமாக வெளியே எடுத்தார்.

“ரெண்டாவது புதுசு. கனம் ஜாஸ்தி. ஒரு லட்சத்துக்கு மேல ஆகும். பிடிங்க. என்ன சொன்னாரு?”

“இருலே, ஒன்னைய நான் பாத்துக்கிடுதேன்.”

“லேன்னா சொன்னாரு? நீங்க மூத்தவரு.”

“சொன்னான். காதால கேட்டேன்.”

நான்கு கோடு. விரல் மறுபடியும் உள்ளே போயிருந்தது. இந்த முறை டீச்சர் அதையே பார்த்தார். பேச்சிமுத்துவே எடுத்துக்கொண்டார்.

“மூணாவதுதான் நீங்க கேட்டது. ஒம்பது வருஷம் ஒருத்தர்ட்டயே இருந்தது. மொத்தமே நாப்பது தோட்டாதான் சுட்டிருக்கு. குழாய் புதுசு மாதிரி. ரெண்டு மேகசின். புதுசுல பாதி விலை. எங்கிட்ட இருக்குறதுல கொடுக்குற காசுக்கு வஞ்சகம் பண்ணாதது இதுதான்.”

பேச்சிமுத்து கைக்கென்றே செய்ததுபோல் அது உட்கார்ந்தது. எடுத்ததும் உள்ளங்கை அதைக் கவ்விக்கொண்டது. அவருக்கு நெஞ்சுப் படபடப்பு இறங்கி அமைதியானது. பதினொரு நாளில் முதல் தடவை.

“என்ன சொன்னாரு?”

பேச்சிமுத்து வாயைத் திறந்தார்.

“ஆடி முடியட்டும். ஒன்னையும் ஒன் மவனையும் நான் பாத்துக்கிடுதேன்.”

செண்பகவடிவு சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் யாரும் இல்லை. சாரல் மட்டும் படியில் விழுந்துகொண்டிருந்தது. பேச்சிமுத்துவுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. அந்தக் குரல் அவருடையது இல்லை. புகையிலை போட்டுக் கரகரத்த குரல். வெள்ளைத்துரையின் குரல். அது தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பது அவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

டீச்சர் கோடுகளைப் போட்டு முடித்து எண்ணினார். “ஏழு.”

“டீச்சர்...”

“பதினோரு நாளா உங்க மவனைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. இப்ப வந்திருக்கு.”

“நான் வேணும்னு சொல்லலை டீச்சர். தானா வந்தது.”

“தெரியுது. அதை மேசையில வைங்க.”

வைக்க முடியவில்லை. விரல்கள் ஒவ்வொன்றையும் இடது கையால் பிரித்துத்தான் வைக்க முடிந்தது. டீச்சர் மூன்றையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பின்கட்டுக் குழாயைக் காட்டி, “சோப்பு இருக்கு. எண்ணெய் போகக் கழுவிட்டு வாங்க,” என்றார்.

பேச்சிமுத்து மூன்று தரம் சோப்புப் போட்டார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெறுங்கைகள் முழங்கால்மேல் கிடந்தன.

“இப்பச் சொல்லுங்க. அவசரமில்லை.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கிணற்றடி தெரிந்தது. புகைந்த மோட்டாரின் கருகல் வாடை வந்தது. வெள்ளைத்துரை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். கண்ணை மூடிக் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

“அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார். சொன்னது அவருக்கே விளங்காததுபோல் டீச்சரைப் பார்த்தார்.

“அண்ணேன்னு சொன்னாரா?”

“சொன்ன மாதிரிதான் இருக்கு... ஆறு வருஷமா கூப்பிடாதவன் அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டிருப்பான்? எனக்கே இப்ப நிச்சயமாத் தெரியலை.” துண்டை முறுக்கினார். “நீங்களே சொல்லுங்க டீச்சர். அவன் மோட்டாரைச் சொன்னானா, என்னையச் சொன்னானா?”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? கிணத்தடியில நின்னது நீங்க.” அவர் அலமாரிச் சாவியை எடுத்து மேசையில், பேச்சிமுத்துவின் கைக்கு எட்டும்படி வைத்தார். “ஆனா அந்த மூணுல எதை வாங்கிட்டுப் போனாலும், இனிமே உங்க காதுக்கு வெள்ளைத்துரை ஒரே மாதிரிதான் பேசுவாரு.”