கருகிய வெந்தயம்

"தாயி, இந்த அடுப்படிய வேற எடத்துக்கு மாத்திருங்க."

ஆவுடையப்பன் வந்து நின்ற வேகத்தைப் பார்த்தால் மடத்தில் தீப்பிடித்துவிட்டதோ என்று தோன்றும். முப்பத்தைந்து வருடம் தபால் பட்டுவாடா செய்தவர். வயது அறுபத்து மூன்று. பொதிகை மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மடத்தை நடத்திய பிச்சம்மாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. குருவே ஆனாலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"அடுப்படி உங்கள என்ன செஞ்சுச்சு அண்ணாச்சி?"

"கண்ண மூடி உக்காருதேன். மனசு அடங்குத நேரம் பாத்து அங்க வெந்தயம் வறுக்காங்க. அந்த வாசம் மூக்குல ஏறுனதும் உலகம்மா வந்து நிக்கா."

உலகம்மாள் அவர் மனைவி. இறந்து மூன்று வருடம் ஆகிறது.

"வந்து என்ன செய்யுதாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டா. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு நிப்பா. நான்தான் கூட உக்காந்திருக்க பதினோரு பேருக்கு முன்னால அழுதுகிட்டுக் கெடக்கேன். அவ நடமாடுன வீட்டுல இருக்க முடியாமத்தான அத வித்துட்டு வந்தேன்? இங்கயும் வந்தா எப்படி?"

பிச்சம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நாளையிலருந்து வெந்தயத்த நீங்களே வறுங்க."

*

ஆவுடையப்பன் வாழ்நாளில் அடுப்புப் பற்றவைத்தவரில்லை. உலகம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதத்தில்கூட ரசத்தைக் கடையில்தான் வாங்கிக் கொடுத்தார். அந்த உறுத்தல் அவரை விட்டுப் போகவே இல்லை.

முதல் நாள் சட்டியில் வெந்தயம் சூடேறியதுமே உலகம்மாள் வந்துவிட்டாள்.

"கருகுது, தீயத் தணிங்க" என்றாள்.

அவர் தணிப்பதற்குள் கருகிவிட்டது.

பத்து நாளில் கைப்பதம் வந்தது. அவளும் வந்தாள், குறை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். நான்காம் மாதம் வரவே இல்லை.

"தாயி, இப்பம் அந்த வாசமே தெரியல. மனசு குத்துக்கல்லு மாதிரி உக்காருது."

"நல்லது" என்றாள் பிச்சம்மாள்.

*

ஆவணியில் ஒருநாள் மடத்துக் குழம்பு கசந்தது. மறுநாள் அதைவிடக் கசந்தது. பதினோரு பேரும் பெரிய ஞானிகள் போல வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் பிச்சம்மாள் அடுப்படிக்குப் போனாள்.

சட்டியில் வெந்தயம் கரியாகிக் கிடந்தது. ஆவுடையப்பன் அதன்மேல் அப்படியே குனிந்திருந்தார். மூக்கு நுனி வெந்து சிவந்திருந்தது.

"வேணும்னுதான் கருக விடுதேன் தாயி. திட்டுததுக்காவது அவ வருவான்னு பாத்தேன்."

கரண்டியால் கரியைக் கிளறினார்.

"வரமாட்டேங்கா. மொகங்கூட மங்கிட்டே வருது. தெரியாமக் கேட்டுட்டேன். எனக்கு நிம்மதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவளத் திருப்பிக் குடுங்க."

பிச்சம்மாள் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே அடுப்படிப் பக்கமே வராதீங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டம் இருக்குல்லா, அங்க குடிசையில இருங்க. கஞ்சி வந்து சேரும்."

"எத்தன நாளைக்கு?"

அவள் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

*

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. கார்த்திகையும் போனது. ஆவுடையப்பன் களை எடுத்தார், வாய்க்கால் வெட்டினார். இந்தப் பிச்சம்மாளை நம்பி மோசம் போனோமே என்று தினமும் ஒருமுறையாவது நினைத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்தது. வாடைக்காற்று மடத்துப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது.

ஒருநாள் காலை அவர் வாழைச் சருகை அறுத்துக்கொண்டிருந்தார். காற்றோடு லேசாக ஒரு வாசம் வந்தது. வந்ததா என்று அவர் சந்தேகப்படும் அளவுக்குத்தான் வந்தது.

"கருகுது, தீயத் தணிங்க."

அரிவாள் கையிலிருந்து நழுவியது.

உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நெற்றிப் பொட்டு எப்போதும் போல ஒரு பக்கமாக விலகியிருந்தது. அந்தப் பொட்டை அவர் மறந்தே போயிருந்தார். இப்போது வாய்விட்டு அழுதார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று நின்றது. அவளும் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பிச்சம்மாள் கஞ்சித் தூக்குவாளியோடு ஓடையைத் தாண்டி வந்தாள். கையெல்லாம் கரி.

"இன்னைக்கு நான்தான் வறுத்தேன். கருகிட்டு."

தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் அண்ணாச்சி. அந்த அடுப்படிய மாத்திரலாம்னு பாக்கேன். எங்க மாத்தட்டும்?"

ஆவுடையப்பன் பதறிப்போனார்.

"அது அங்கனயே கெடக்கட்டும் தாயி."

குனிந்து அரிவாளை எடுத்துக்கொண்டார்.

"நான் இங்கனயே இருக்கேன்."