இன்னும் ஒரு சுற்று

"என்னை எப்பம்மா தனியா அனுப்புவீங்க?"

தணிகைவேல் இப்படிக் கேட்டபோது எஸ்தர் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். முகத்துக்கு நேர் மேலே குழாய்.

"எங்க அனுப்பணும்?"

"பழைய பைப் வேலைக்கு."

எஸ்தர் குழாயின் துருவை விரலால் சுரண்டினாள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் காலனியில் பழைய பைப்பைத் தவிர வேறு பைப்பே கிடையாது. ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் கட்டின வீடுகள். ஆலை எப்போதோ போய்விட்டது. இரும்புக் குழாய்கள் மட்டும் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு தினம் ஒரு வீட்டில் மானத்தை வாங்கின. எங்கே வெடித்தாலும் எஸ்தருக்குத்தான் போன் வரும்.

தணிகைவேல் அவளைவிட மூத்தவன். பம்புசெட் கம்பெனியில் போல்ட் முடுக்கி முடுக்கியே தலை நரைத்தவன். கம்பெனியை மூடினதும் பிளம்பிங் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தான். குரு சிஷ்யனை அண்ணே என்பாள். சிஷ்யன் குருவை அம்மா என்பான். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

"புது பைப் எல்லாம் நான்தான் போடறேன். ஒண்ணாவது ஒழுகியிருக்கா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்னவாம்?"

எஸ்தர் ஊர்ந்து வெளியே வந்தாள். பையைத் துழாவி, பழைய குழாயில் வெட்டி எடுத்த ஒரு முழத் துண்டையும், குழாய்களை இணைக்கிற ஒரு காலரையும் நீட்டினாள்.

"இத அதுல மாட்டுங்க."

மாட்டினான். மரையில் ஏற்றி, ரெஞ்சு வைத்து முடுக்கினான்.

"போதுமா?"

"உங்களுக்குப் போதுமா?"

தணிகைவேல் யோசித்தான். இன்னும் ஒரு சுற்று சுற்றினான்.

டக்கென்று ஒரு சத்தம். குழாயின் மரை காலருக்குள்ளேயே தங்கிவிட்டது. குழாய் மட்டும் அவன் கையோடு வந்தது.

எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, டீ சாப்பிடலாம்."

டீக்கடையில் அவனுக்குக் கோபம் ஆறவில்லை.

"அது மட்கிப்போன பைப்பு."

"ஆமா."

"மட்கினதக் குடுத்துட்டு, உடைச்சுட்டேன்னு சொன்னா எப்படிம்மா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"நல்ல பைப்பாக் குடுங்க. காட்டறேன்."

"இந்தக் காலனில நல்ல பைப்புக்கு நான் எங்கண்ணே போவேன்?"

தணிகைவேல் டீயில் சர்க்கரை இல்லையென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனான். சர்க்கரையெல்லாம் இருந்தது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பெனியில் அவன் முடுக்கின போல்ட்டை இன்னொருத்தன் கழற்ற முடியாது. அவன் பெருமையே அதுதான். மற்றவர்கள் போதும் என்று விட்ட இடத்தில் இவன் இன்னும் ஒரு சுற்று சுற்றுவான். வீட்டிலும் இதே கதை. அவன் மூடி வைத்த ஊறுகாய் ஜாடியை அவன் மனைவி மல்லிகா ஒருநாளும் தானாகத் திறந்ததில்லை. கடனில்லாமல் வீடு கட்டினது, மகளைப் படிக்க வைத்தது எல்லாமே அந்தக் கூடுதல் சுற்றினால்தான் என்று அவன் நம்பினான். அதில் பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவனிடம் போய் நிறுத்து என்றால்?

ஆனாலும் பிடிவாதக்காரன். கற்றுக்கொண்டே தீருவது என்று இறங்கிவிட்டான். காயலான் கடையில் பழைய குழாய்களாகப் பொறுக்கி வந்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து மாட்டுவதும் உடைப்பதுமாக இருந்தான். மல்லிகா துணி காயப்போட வரும்போதெல்லாம் உடைந்த துண்டுகளைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

"எங்க நிறுத்தணும்னு எப்படிம்மா தெரியும்?" என்று எஸ்தரிடம் கேட்டான்.

"நிறுத்தினாத்தான் தெரியும்."

"நிறுத்தினாச் சொட்டுதே."

"சொட்டட்டும். சணல் ஊற வேணாமா?"

மரையில் சணல் சுற்றித்தான் அவர்கள் குழாயை மாட்டுவார்கள். தண்ணீர் பட்டால் சணல் ஊறிப் பருத்து இடுக்கை அடைக்கும். மிச்சத்தைத் துரு பார்த்துக்கொள்ளும். இது தணிகைவேலுக்குத் தெரியாமல் இல்லை. காதுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் எஸ்தரிடமிருந்து போன் வந்தது. பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.

"அண்ணே, தண்ணித் தொட்டி வீதியில எட்டு வீட்டு பிளாக் இருக்குல்ல? படிக்கட்டுப் பக்கம் எல்போ வெடிச்சிருச்சாம். நான் இங்க ஒரு வீட்டுல மாட்டிக்கிட்டேன். விட்டுட்டு வர முடியாது."

"சரிம்மா."

"நீங்க போங்க."

"தனியாவா?"

போன் வைத்தாகிவிட்டது.

அவன் போனபோது படிக்கட்டில் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் படியில் நின்று எட்டு விதமாகக் கத்தினார்கள். தணிகைவேல் மாடிக்கு ஓடி டேங்க் வால்வை மூடினான். கொட்டுவது நின்றது. கத்துவது நிற்கவில்லை.

கீழ்வீட்டு ஜமீலா அவன் கையைப் பிடிக்காத குறையாக வந்து நின்றாள்.

"அண்ணே, எம்பொண்ணு ஆஸ்பத்திரிலேர்ந்து பச்சப்புள்ளயோட இன்னிக்கு வீட்டுக்கு வருது. வீட்டுல ஒரு குடம் தண்ணி இல்ல. கிளம்பிட்டோம்னு போன் பண்ணிட்டாங்க."

"வர்றதுக்குள்ள குடுத்துடறேன்க்கா."

சொன்ன பிறகுதான் குழாயை நன்றாகப் பார்த்தான்.

டேங்கிலிருந்து எட்டு வீட்டுக்கும் இறங்குகிற ஒரே குழாய் அது. பாதி சுவருக்குள் போகிறது. வெளியே தெரிந்த பாகமே சொறி பிடித்துக் கிடந்தது. அந்த எட்டு வீட்டாரும் சண்டை போட்டு ஓய்ந்து, புது லைன் போட ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் வேலை ஆரம்பம். அதுவரை இந்தக் கிழட்டுக் குழாய்தான் தாங்க வேண்டும். சுவருக்குள் உடைந்தால் அந்தக் குழந்தைக்கும் தண்ணீர் இல்லை, எட்டு வீட்டுக்கும் இல்லை.

குழாய் திரும்புகிற முனையில் வெடித்திருந்த எல்போவைக் கழற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழற்றினான். மரை உடையாமல் வந்தது. அழுக்கைத் துடைத்து, சணலை ஒழுங்காகச் சுற்றி, புது எல்போவை ஏற்றினான். ரெஞ்சு வைத்தான். ஒரு சுற்று. இன்னொன்று. இன்னும் அரைச் சுற்று போனபோது சுவருக்குள் எங்கோ மெல்லக் கிறீச்சிட்டது.

நிறுத்தினான்.

மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தான். எட்டு வீட்டிலும் குழாய்கள் இருமிக்கொண்டு தண்ணீர் விட்டன. ஜமீலா உள்ளேயிருந்து, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினாள்.

எல்லோரும் எல்போவைப் பார்த்தார்கள்.

ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"சொட்டுதே?" என்றார் மேல்வீட்டு வரதராஜுலு. ஓய்வுபெற்றவர். அந்த பிளாக்கில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பவர்.

"நின்னுடும் சார். சணல் ஊறணும்."

"இப்படிச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் ராத்திரி பூரா யாரு காவல் இருக்கறது? ஒரு சுத்து முடுக்குய்யா."

இதைச் சொல்ல அவர் வேண்டியதில்லை. தணிகைவேலின் வலது கை அதைத்தான் அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. சொட்டுகிற குழாயை விட்டுவிட்டு எழுவது அவன் சுபாவத்திலேயே இல்லை. உள்ளங்கை அரித்தது. எஸ்தருக்குப் போன் போட்டான்.

"மாட்டிட்டேன்ம்மா. ஆனா சொட்டுது."

"எப்படி?"

"சொட்டு சொட்டாத்தான். இன்னும் ஒரு சுத்து வச்சுப் பாக்கட்டா?"

"பைப் என்னண்ணே சொல்லுது?"

"கிறீச்சுன்னுச்சு."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

இந்தத் தடவையும் அவள்தான் முதலில் வைத்தாள். தணிகைவேலுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

படியில் உட்கார்ந்தான். குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

"ஆளக் கூப்பிட்டா உக்காந்து வேடிக்க பாக்குது," என்றாள் மாடியிலிருந்து ஒருத்தி.

வரதராஜுலு குனிந்து ரெஞ்சை எடுக்கப் போனார். "குடுய்யா இங்க. நான் ஒரு சுத்து போடறேன்."

தணிகைவேல் ரெஞ்சை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"சார், யாரும் தொடக் கூடாது."

"உன் வீட்டுக் குழாயா இது?"

"உங்க வீட்டுக் குழாய்தான். அதான் சொல்றேன்."

வரதராஜுலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூட்டம் அவர் பக்கம்தான் நின்றது. வேலை தெரியாத ஆள், வேறு யாரையாவது கூப்பிடலாம், என்று பேச்சு எழுந்தது. தணிகைவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதற்கடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

ஜமீலா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்டதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஏண்ணே, ஒரே ஒரு சுத்துதானே? புள்ள வர்ற நேரத்துல மறுபடி வெடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"அக்கா, நீங்க போயி இருக்கற குடத்தெல்லாம் ரொப்பிக்குங்க. வெடிச்சாலும் புள்ளைக்குத் தண்ணி இருக்கும்."

"வெடிக்குமா?"

"நான் தொட்டா வெடிக்கும்."

ஜமீலா அவன் முகத்தைப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டியது. என்ன தோன்றியதோ, மேற்கொண்டு கேட்காமல் குடத்தை எடுக்கப் போனாள்.

வெயில் படிக்கட்டுக்கு ஏறியது. கூட்டம் சலித்துப்போய் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வரதராஜுலு மட்டும் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே இடைவெளி கூடினது போலத் தெரிந்தது. கூடவில்லை என்றும் தோன்றியது. பார்த்துப் பார்த்துத் தணிகைவேலுக்குக் கண் பூத்துப்போயிற்று. ஒருமுறை அவன் தோள் தானாகவே முன்னால் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டான்.

எஸ்தர் வந்தபோது தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள்.

"இப்பதான் வேல தெரிஞ்ச ஆளு வருது," என்று வரதராஜுலு எழுந்தார். "வந்ததுலேர்ந்து சும்மா உக்காந்திருக்காரும்மா இவரு. என்னையும் தொட விடல."

எஸ்தர் குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து தன் ரெஞ்சை எடுத்தாள்.

"தள்ளுங்கண்ணே. ஒரு சுத்து வச்சுடறேன்."

"வேணாம்மா."

"சார் கேக்கறாருல்ல?"

"யாரு கேட்டாலும் வேணாம்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும்தாம்மா."

வரதராஜுலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜமீலா ஓடினாள். மகள் மெதுவாக இறங்க, துணியில் சுற்றின குழந்தையை ஜமீலா வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் யாரோ கை கழுவக் குழாயைத் திறந்தார்கள். மேலே இன்னொரு வீட்டிலும் திறந்தார்கள். பழைய இரும்பு மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடுங்கியது.

மூன்று பேரும் எல்போவைப் பார்த்தார்கள்.

நடுக்கம் நின்றது. குழாய் அப்படியே இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த சொட்டும் அப்படியே இருந்தது. விழவில்லை.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

எஸ்தர் ரெஞ்சைப் பைக்குள் போட்டாள். அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையைப் பிழிந்து ஈரத்தை உதறினாள்.

"காலைலேர்ந்து சும்மாவாண்ணே உக்காந்திருக்கீங்க?"

"சும்மா இல்லம்மா. புடிச்சுக்கிட்டு இருக்கேன்."

எஸ்தர் குழாயைப் பார்த்தாள். அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"எத?"

தணிகைவேல் தொடையை அசைத்து மடியிலிருந்த துண்டை நழுவ விட்டான். அவனுடைய வலது மணிக்கட்டை இடது கை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.