மடவைக்கு விட்ட வழி

ஒரு காட்டில், கண்ணுகளா, மரங்கள் எல்லாம் சேற்றுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு மூச்சு விடும். மூக்கு என்றால் வேர்தான். கடலோரத்துச் சதுப்புக்காடு அது. வேர் நுனி காற்றில் இருந்தால்தான் அந்த மரங்களுக்கு உயிர்.

அந்தக் காட்டு உப்பங்கழியில் குமிழி என்றொரு நீர்நாய் இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். பாலை மறந்து மீனுக்கு அடம்பிடிக்கும் வயது. காலையில் ஊட்டினால் மதியத்துக்குள், "அம்மா, பசி!" என்று அவள் வாலைப் பிடித்து இழுக்கும். பெற்றவள் பாட்டைக் கேட்கவா வேண்டும்!

குமிழிக்கு நண்டு என்றால் உயிர். ஆனாலும் கொடுக்கன் என்ற நண்டை மட்டும் தொடமாட்டாள். ஒருமுறை தொடப்போனபோது, அவன் அவள் மூக்கை ஒரு பிடி பிடித்தான். அன்றிலிருந்து இருவரும் நல்ல சிநேகம்.

கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. கோடையில் அலைகள் மணலைத் தள்ளித் தள்ளி கழியின் வாயை மூடிவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் விலங்குகள் எல்லாம் கூடி அதைத் தோண்டித் திறக்கும். சினை பிடித்த மடவை மீன்கள் அந்த வழியாகக் கடலுக்குப் போய் முட்டையிடும். கடைசி மடவை தாண்டும்வரை யாரும் அவற்றின் மேல் வாய் வைக்கக் கூடாது. அதுதான் அந்தக் காட்டுக் கட்டுப்பாடு.

அந்த வருஷமும் மழை விழுந்தது. எல்லாரும் மணல்மேட்டில் கூடினார்கள். காட்டுப்பன்றி முதல் மண்ணைக் கிளறப் போன நேரத்தில், தொப்பென்று வந்து இறங்கினான் பையாண்டி என்ற கூழைக்கடா. அலகுக்குக் கீழே இவ்வளவு பெரிய பை. எத்தனை மீன் போட்டாலும் நிறையாது.

"நிறுத்துங்கப்பா! புத்தி பிசகிப்போச்சா உங்களுக்கு? கைக்கு எட்டின மீனைக் கடல்ல கொட்டப் போறீங்களே! சோத்துப் பானையை யாராவது தெருவிலே கவிழ்ப்பாங்களா?"

"போன மீன் குஞ்சும் குளுவானுமாத் திரும்பி வரும் அண்ணே" என்றான் கொடுக்கன்.

"வரும், வரும்! கடல் என்ன உன் மச்சானா, கொடுத்ததைப் பத்திரமாத் திருப்பித் தர?"

எல்லாரும் சிரித்தார்கள். குமிழியும் சிரித்துவிட்டாள். குட்டிகளின் ஒட்டிய வயிறுதான் அவள் கண்முன்னே நின்றது.

"இந்த ஒரு வருஷம்தானே, கொடுக்கா" என்றாள்.

மேட்டைத் தோண்டாமலே திரும்பினார்கள். பிறகென்ன, பதினைந்து நாள் விருந்துதான்! குட்டிகள் சினை மடவையாகத் தின்று தின்று நடக்க முடியாமல் உருண்டன. பையாண்டியின் பை தரையில் இழுபட்டது.

மழை மட்டும் விடவில்லை. போக வழியில்லாத தண்ணீர் ஏறி ஏறி மரங்களின் மூக்கை மூடியது. இலைகள் பழுத்து உதிர்ந்து அழுகின. தண்ணீர் கறுத்து நாறியது. சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

ஒரு நாள் காலை குமிழியின் சின்னக் குட்டி பசி என்று கேட்கவில்லை. வாலை இழுக்கவில்லை. சுருண்டு படுத்துவிட்டது. குமிழி அதை நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தாள்.

"கொடுக்கா, என் பிள்ளை கண்ணே திறக்க மாட்டேங்குதே!" என்று அழுதுகொண்டு ஓடினாள்.

'அன்றைக்கே சொன்னேனே' என்று கொடுக்கன் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் சிநேகிதனா? "எல்லாரையும் மேட்டுக்குக் கூப்பிடு" என்றான்.

எல்லாரும் வந்தார்கள். பையாண்டியும் வந்தான்.

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே! தண்ணி நல்லாத்தான் இருக்கு. பாக்கி மடவையும் தீரட்டும், அப்புறம் திறக்கலாம்" என்றான்.

"சரி அண்ணே" என்றான் கொடுக்கன், மிகவும் பணிவாக. "உங்க யோசனையாலே நாங்க வயிறாரத் தின்னோம். உங்க குஞ்சுங்க மட்டும் எங்கேயோ தூரத்து ஏரியிலே கிடக்குதே, எங்களுக்கு மனசு கேட்கலை. இங்கேயே கூட்டிட்டு வந்துடுங்க. கூடு கட்ட நல்ல மரமாப் பார்த்து வெச்சிருக்கேன்."

"ஐயையோ!" என்று பதறினான் பையாண்டி. "இந்தத் தண்ணி குஞ்சுகளுக்கு ஆகாதே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. டப்பென்று அலகை மூடினான்.

குமிழி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ என் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா அண்ணே?"

பையாண்டிக்கு இறக்கை இருந்தது, பறந்துவிட்டான். இறக்கை இல்லாதவர்கள் மணல்மேட்டைப் பார்த்தார்கள்.

குமிழிதான் முதலில் நகத்தை ஊன்றினாள். பன்றி மூக்கால் முட்டியது. உடும்பு மண்ணை வாரி வாரி எறிந்தது. கொடுக்கன் ஒற்றைக் கொடுக்கால் அள்ளியது ஒரு பிடிதான், ஆனால் போட்ட சத்தம் நூறு பேருக்குச் சமம். பொழுது சாய்வதற்குள் மேடு உடைந்தது. நாற்றத் தண்ணீர் திமுதிமுவென்று கடலுக்கு ஓடியது.

அந்த ஓட்டத்தில், தப்பிப் பிழைத்த ஒரே ஒரு சினை மடவை வந்து, குமிழியின் வாயருகே மணலில் மாட்டிக்கொண்டது. கொழுத்த மடவை. பழக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, பிடி!" என்று கத்தியது பெரிய குட்டி.

குமிழி வாயை மூடினாள். மூக்கால் மெதுவாக மடவையைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.

"போயிட்டு வா, தாயி" என்றாள்.

மறுநாள் அலையோடு நல்ல தண்ணீர் உள்ளே வந்தது. மரங்கள் மூக்கை வெளியே நீட்டின. மூன்றாம் நாள் சின்னக் குட்டி எழுந்து குமிழியின் வாலை வெடுக்கென்று இழுத்தது. அந்த வலி அவளுக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா!

மார்கழி முழுக்க வயிறு காய்ந்ததுதான். செய்ததற்கு அனுபவிக்க வேண்டாமா?

தை பிறந்தது. ஒரு காலையில் கடல் வாய் வழியாக, நகத்தளவு மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைந்தன. கழியே கண் கூச மின்னியது.

"அம்மா, இத்தனை பேரும் யாரு?" என்று கேட்டது சின்னக் குட்டி.

"அன்னிக்கு நாம தின்னாம விட்டோமே ஒருத்தி, அவ பிள்ளைங்க."

குட்டி ஆசையாக வாயைத் திறந்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு, "பெரிசாகட்டும்" என்று சொல்லி மூடிக்கொண்டது.

நீதி: போகும் வழியை அடைப்பவன், வரும் வழியையும் அடைக்கிறான்.