ரயிலின் கடைசிப் பெட்டி

இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு அறுபது. ஊர் தூத்துக்குடி.

குரு மெர்லின் டீச்சர், ஒரு சின்ன பாலர் பள்ளியை நடத்துகிறவர். சீடர் பொன்னுலிங்கம் சார், உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் உதவிக்கு வந்திருந்தார். பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே விசிலில் அடக்கியவருக்கு இந்த வாண்டுகள் எம்மாத்திரம் என்று நினைத்தார். பாவம்.

வாண்டுகளில் ஒருத்தி நேத்ரா. ஆட்டிசம் உள்ள பிள்ளை. குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்த்தாலே விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் ஏதாவது தாங்க முடியாமல் போனால் தரையில் கிடந்து அலறுவாள், தலையை முட்டுவாள். ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன.

அவளுடைய அம்மா மாரிசெல்விக்கு ஜவுளிக்கடையில் வேலை. சேர்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"இனிமே வேலைக்கு நடுவுல அனுப்ப மாட்டோம்னு கடையில சொல்லிட்டாங்க டீச்சர். இங்கயும் கூப்பிட்டு விட்டீங்கன்னா, பிள்ளைய வீட்டுல வச்சுப் பூட்டிட்டுத்தான் நான் வேலைக்குப் போவணும்."

அந்தப் பள்ளியில் கை கழுவ ரயிலாகத்தான் போவார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூவிக்கொண்டு. நேத்ரா எப்போதும் கடைசிப் பெட்டி.

டிரில் மாஸ்டருக்கு அந்த ரயில் கண்ணை உறுத்தியது. வரிசை என்றால் குட்டை முன்னால், நெட்டை பின்னால். ஒருநாள் எல்லாரையும் உயரப்படி நிறுத்தினார். இருப்பதிலேயே குட்டையான நேத்ரா என்ஜினாகிவிட்டாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் கவுனைப் பிடித்தது. அவ்வளவுதான், தரையில் விழுந்து அலறத் தொடங்கினாள்.

"என்னம்மா? யாரு அடிச்சா? எங்க வலிக்கு? பிஸ்கட் தரட்டா?"

கேட்கக் கேட்க அலறல் கூடியது. பழக்க தோஷம், சார் விசிலை எடுத்து ஊதினார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. கடைசியில் மாரிசெல்விக்குப் போன் போடப் போனார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த மெர்லின் டீச்சர் அந்தப் போனை வாங்கிக்கொண்டார்.

"ரயில் வேப்பமரத்தடிக்குப் போகட்டும் சார்."

சார் மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார். டீச்சர் ஃபேனை நிறுத்தினார். விளக்கை அணைத்தார். நேத்ராவின் தலைக்கடியில் ஒரு பாயை மடித்து வைத்தார். பிறகு சற்றுத் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அலறல் அழுகையாயிற்று, அழுகை விசும்பலாயிற்று. பிறகு அவளாகவே எழுந்து வந்து டீச்சரின் வளையலை உருட்டி விளையாட ஆரம்பித்தாள்.

அன்று மாலை சார் கேட்டார்.

"இத்தனை கேள்வி கேட்டேன், ஒண்ணுக்காவது பதில் சொல்ல மாட்டேங்கா. இது அடம்தானே டீச்சர்?"

"டீ குடிக்கீங்களா சார்?"

எவர்சில்வர் டம்ளரில் டீயை விளிம்பு தட்ட ஊற்றி, சாரின் கையில் கொடுத்தார் டீச்சர். கொதிக்கிற டீ. சார் தளும்பாமல் இரண்டு எட்டு வைத்திருப்பார்.

"சார், நேத்து வீட்டுல என்ன குழம்பு?"

"அது வந்து..."

"யாரு வச்சா? ருசியா இருந்துச்சா? ஏன் சார் முழிக்கீங்க?"

விரல் பொசுங்கியது. முகம் சிவந்தது.

"கொஞ்சம் வாய மூடுங்க டீச்சர்! முதல்ல இத எங்கயாவது வைக்கணும்!"

டீச்சர் பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சார் டம்ளரை வைத்துவிட்டு விரல்களை ஊதிக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க சார். என்ன குழம்பு?"

"வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு" என்றார் சார். சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் விசில் இல்லாமல் வந்தார்.

ரயில் பழையபடி ஓடியது. கொஞ்ச நாள் கழித்து ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. கைதட்டலுக்கு நடுவில் பலூன் ஒன்று வெடித்தது. நேத்ரா விழுந்தாள்.

வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த டீச்சர் ஓடி வந்தார். ஜன்னல் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பிறந்தநாள் கூட்டம் கேக்கோடு மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஃபேன் நின்றிருந்தது. நேத்ராவின் தலைக்கடியில் பாய் இருந்தது. பொன்னுலிங்கம் சார் மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி இருந்தார். பேசத் துடித்த வாயைக் கையால் பொத்தியிருந்தார்.

நெடுநேரம் ஆயிற்று. அழுகை ஓய்ந்ததும் நேத்ரா எழுந்து வந்தாள். சாரின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். அவரைத் திருப்பி நிறுத்தி, பின்னால் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூ" என்றாள்.

இரண்டே பெட்டி உள்ள அந்த ரயில் குழாயடிக்குப் போனது. மாரிசெல்விக்கு அன்றும் போன் போகவில்லை.

சாருக்கு வெட்கமாக இருந்தது. குழாயடிக்கு வந்து நின்ற டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் ஒண்ணுமே செய்யல டீச்சர்."

"பாத்தேன் சார். நல்லாச் செஞ்சீங்க."