விளிம்பில் சுற்றுவது

முதலில் துரோகம் செய்தவன் தம்பி வீரணன்தான். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகனின் உரிமை. அதில் மூத்தவன் தவசிக்கு வழக்கில்லை. ஆனால் அண்ணன் வந்து வாய்க்கரிசி போடும்வரை வீரணன் காத்திருக்கவில்லை. கைப்பிடி அரிசியோடு தவசி சுடுகாட்டுக்கு ஓடி வந்தபோது சிதை பாதி எரிந்திருந்தது.

"நேரமாச்சு" என்றான் வீரணன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அன்றே தவசி ஊரைவிட்டு வெளியேறி, எதிர்மலையில் இருந்த குருவிடம் சேர்ந்தான். குரு அவனைவிட இளையவர். போடாத அரிசி துணி முடிச்சில் அவன் இடுப்பிலேயே கிடந்தது.

தலை நரைத்த பிறகு ஒருநாள் காலை, கஞ்சி காய்ச்சிக்கொண்டே கேட்டான்.

"பால்வெளியின் விளிம்பில் சுற்றும் நட்சத்திரங்கள் போகிற வேகத்துக்குச் சிதறியிருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பாரம்தான் பிடித்து வைத்திருக்கிறது என்றீர்களே, சாமி. அந்தக் கரும்பொருள் எதனால் ஆனது?"

"தெரியாது."

"யாருக்குமா?"

"அவிந்துபோன நட்சத்திரங்கள் என்றார்கள். கணக்குப் பார்த்தால் போதவில்லை. நம் உடம்பையே துளைத்துக்கொண்டு போகும் நுண்துகள் என்றார்கள். சுரங்கத்தின் அடியில் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் சிக்கவில்லை."

"அப்படியானால் ஒன்றுமே இல்லையோ என்னவோ."

"ஒன்றும் இல்லாமலா அது ஓடிப்போகாமல் சுற்றுகிறது? கஞ்சி தீய்கிறது, கிண்டும்."

அப்போது வீரணனின் மகள் பேச்சி மலையேறி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரியப்பா, அப்பா போயிட்டாரு. நீங்க வந்து வாய்க்கரிசி போடாம தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு."

"வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"செஞ்சது தப்புன்னு சொன்னானா?"

பேச்சி தலை குனிந்தாள்.

"அப்ப தூக்கச் சொல்லு. நேரமாச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியே அப்பா குரல்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உச்சிப்பொழுதில் கீழே சுடுகாட்டிலிருந்து புகை எழுந்தது. பாறை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் தவசி.

"என்றைக்காவது ஏறி வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வான் என்று இருந்தேன், சாமி. இனி வர மாட்டான். நான் வடக்கே போகிறேன்."

"போய் வாரும்."

தவசி பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மலையடிவாரத்தில் பாதை பிரிந்தது. ஒன்று ஊருக்கு, ஒன்று வடக்கே. இரண்டிலும் கால் இறங்கவில்லை. மலையை ஒட்டியே நடந்தான். பொழுது சாயும்போது சுற்றி வந்து மேலேறி, குரு உட்கார்ந்திருந்த அதே பாறைக்கடியில் நின்றான்.

புகை அடங்கியிருந்தது. இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். அரிசியை எப்போதோ வண்டு தின்று மாவாக்கியிருந்தது.

"சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டான், சாமி. இப்போது அவனே இல்லை. பிறகு என்னை எது பிடித்து வைத்திருக்கிறது?"

"நீர் காலையில் கேட்டதும் அதைத்தானே" என்றார் குரு.