தட்டிவிட்ட தீர்த்தம்

பவானி ஆற்றங்கரையில் ஆலாம்பள்ளம் என்ற ஊரில் செல்லாண்டியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அந்தக் கோயிலின் வாசலைப் பதினெட்டு ஆண்டுகள் கூட்டிப் பெருக்கியவர் பாவாத்தாள். ஊரார் அவரை 'அவள்', 'இவள்' என்றே சொல்லிவந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்களுக்கு அந்தப் பெயர்கூட நாவில் வராது. "ஏ வாசக்காரி" என்பார்கள். அவர்கள் கொடுக்காத மரியாதையை நாம் கொடுப்போம். இந்த வரலாற்றில் அவர் 'அவர்'தான்.

பிழைப்புக்கு அவர் செய்தது நூல் மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டும் வேலை. கோயிலில் செய்தது தொண்டு. விடிந்ததும் சீமாறும் ஒரு குடம் சாணித் தண்ணீருமாக வருவார். தெருவோரத்து எல்லைக்கல்லில் தொடங்கிப் படிவரை கூட்டித் தெளித்து, நான்கு புள்ளி வைத்து ஒரு கோலம் இடுவார். பிறகு படிக்குக் கீழே நின்று கும்பிட, பூசாரி மாரப்பன் ஒரு கரண்டித் தீர்த்தம் ஊற்றுவார். அதைக் குடித்து, ஈரக்கையைத் தலையில் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுவார். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும் என்று மற்றப் பெண்கள் சற்றுத் தள்ளி நிற்பது வழக்கம். அவர் அதைக் கண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

அவருடைய கணவர் ரங்கன் இறந்தது அந்த வாசலில்தான். ஒரு சித்திரைத் திருவிழாவில் பந்தல் கால் சுமந்து வந்த மனிதர், வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தார். கூட்டத்தில் "தீர்த்தம், தீர்த்தம்" என்று குரல் எழுந்தது. செம்பை வாங்கி, நினைவில்லாமல் மல்லாந்து கிடந்தவர் வாயில் ஊற்றியவர் பாவாத்தாளே. ரங்கன் ஒருமுறை புரையேறி இருமினார். தொண்டையில் ஏதோ களகளத்தது. பிறகு ஒன்றுமில்லை. "ஆத்தா தீர்த்தம் உள்ள போயிட்டுத்தான் உசுரு போயிருக்குது, புண்ணியவான்" என்று ஊர் சொன்னது. ஏழு ஆண்டுகள் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பாவாத்தாள் வாழ்ந்தார்.

எட்டாம் ஆண்டில், முதலுதவிப் பயிற்சிக்கு மில்லிலிருந்து பெண்கள் இருவரை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி. மெஷினில் நிற்கும் பெண்களை மேஸ்திரி விடவில்லை. "கூட்டற பொம்பளையில ரெண்டு பேர அனுப்பு. போயி காத்தாடிக்கடியில தூங்கிட்டு வரட்டும்" என்றார். ஓர் உயிரைக் காப்பாற்றக் கற்கும் காரியத்துக்கு அங்கே இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

பயிற்சி கொடுத்தவர் எமில்டா என்ற செவிலியர். இரண்டாம் நாள் அவர், "நெனவில்லாதவங்க வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. அவங்களால முழுங்க முடியாது. அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்" என்றார்.

பாவாத்தாள் எழுந்து நின்றார். "தீர்த்தமா இருந்தாலுமுங்களா?"

பயிற்சிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். எமில்டா சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "தீர்த்தமா இருந்தாலும்தாங்கம்மா" என்றார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பாவாத்தாள் பிரிக்கவேயில்லை. எமில்டாவிடம் போய் ரங்கன் கதையைச் சொன்னார். கேட்டவர் பொய் ஆறுதல் சொல்லவில்லை. "வெயில்ல போச்சா, தண்ணியில போச்சான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. இனிமே ஊத்தாதீங்க. ஊத்தறவங்களையும் விடாதீங்க."

மறுநாள் விடியலில் இவர் கோயிலுக்குப் போகமாட்டார் என்றுதானே நினைப்போம். வழக்கம்போலச் சீமாறோடு போனார். கூட்டினார், தெளித்தார், கோலமிட்டார். "நீ குடுத்தது நல்ல தண்ணிதான் ஆத்தா. குடுக்கத் தெரியாதவ நானு. இனி நாலு பேருத்துக்குச் சொல்லிக் குடுக்கறேன், அதுக்கு மட்டும் தெம்பு குடு" என்று வேண்டிக்கொண்டு, கை நீட்டித் தீர்த்தம் வாங்கிக் குடித்தார். பக்தி என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த ஒரு வாய்த் தீர்த்தத்தைப் பற்றி யோசித்துப் பார்க்கட்டும்.

அதுமுதல் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நினைவிழந்தவராகத் தாமே பாயில் படுத்துக்கொள்வார். "தோளத் தட்டிப் பேரக் கேளுங்க. பதிலு இல்லீன்னா மூச்சு வருதான்னு பாருங்க. மூச்சிருந்தா இப்பிடி ஒருக்களிச்சுப் போடுங்க. வாந்தி வந்தாலும் வெளிய வந்துரும். ஒருத்தரு நூத்தியெட்டுக்குப் போன் பண்ணோணும்." முதல் வாரம் வந்தவர்கள் நான்கு பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இருபது பேர்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்காயிற்று. "ஏனுங் டாக்டரம்மா, என்ற ஆட்டுக்குக் கழிச்சலுங்க. வந்து பாக்கறீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆட்டுக்கு மாட்டாஸ்பத்திரி இருக்குதுங்க. உங்களுக்கு ஏதாச்சும்னா சொல்லியுடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. தீர்த்தக்குடம் எடுக்கும் நாள் வந்தது. பெண்கள் பட்டினி விரதமிருந்து, ஆற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்து, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு இரண்டு கல் தொலைவு நடந்து வருவார்கள். அவர்களில் ஒருத்தி கோகிலவாணி, கோயில் கமிட்டித் தலைவர் நாச்சிமுத்துவின் மருமகள். கோயில் வாசலுக்கு வந்ததும் குடத்தை இறக்கினாள்; இறக்கியவள் அப்படியே சாய்ந்தாள்.

மறுபடியும் அதே குரல்: "தீர்த்தம், தீர்த்தம்." நாச்சிமுத்து தாமே உள்ளே ஓடி, அம்மன் காலடியில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துவந்தார். மருமகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். செம்பு சாய்ந்தது.

"ஊத்தாதீங்க தலைவரய்யா" என்றார் பாவாத்தாள். காதில் விழவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார். செம்பின் விளிம்பு உதட்டைத் தொட்டது. அவர் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். செம்பு கல்லில் மோதி விளிம்பு நசுங்கியது. தீர்த்தம் மண்ணில் ஓடியது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. தோளைத் தட்டிப் பெயரைக் கேட்டார், பதிலில்லை. கன்னத்தை மூக்கருகே வைத்து மூச்சைப் பார்த்தார். ஒருக்களித்துப் போட்டார். அந்த நொடியில் கோகிலவாணியின் வாயிலிருந்து மஞ்சளாய் வாந்தி வெளியேறியது. அதை விரலில் துணி சுற்றித் துடைத்தெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் இருவர் நிழலுக்குத் தூக்க உதவி, ஈரச்சேலை போர்த்தி விசிறினார்கள். ஒருத்தி போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. பெண் பிழைத்தாள்.

வண்டி போன பிறகு ஊர் என்ன செய்தது? கைகூப்பியதா? இல்லை. "ஆத்தா தீர்த்தத்த மண்ணுல கொட்டிப்புட்டா" என்றது. பெண் பிழைத்தது அம்மன் அருளாம். தீர்த்தம் கொட்டியது மட்டும் பாவாத்தாள் செய்ததாம். எவ்வளவு வசதியான பங்கீடு பாருங்கள்.

நாச்சிமுத்து எல்லைக்கல்லைக் காட்டினார். "இந்தக் கல்லத் தாண்டி உள்ள வரக்கூடாது. ஞாயித்துக்கெழம ஆத்தாகிட்டப் பூக் கேக்கறோம். என்னைக்கும் வரக்கூடாதுன்னு ஆத்தாளே சொல்லும்."

"நாந் தட்டுனது உங்க கையத்தானுங்க" என்றார் பாவாத்தாள். பதினெட்டு ஆண்டுத் தொண்டு அந்த ஒரு கல்லில் வந்து நின்றது.

மறுநாள் விடியலில் சீமாறோடு வந்தார். தெருவைக் கல்வரை கூட்டினார். கல்லுக்கு இப்பாலேயே கோலமிட்டு, அங்கேயே நின்று கும்பிட்டார். தீர்த்தம் கொடுக்க மாரப்பன் கரண்டியோடு படிவரை வந்தார். கமிட்டியாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஐந்து நாளும் இதுவே நடந்தது. உள்வாசலில் சருகு சேர்ந்தது. கூட்ட ஒருவரும் இல்லை. அதிகாரம் செய்ய மட்டும் எட்டுப் பேர் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கோயிலில் பூக் கேட்பது இப்படி: அம்மனின் இரு தோளிலும் ஈர அரளிப்பூ ஒவ்வொன்று ஒட்டிவைத்துக் கேள்வி கேட்பார்கள். வலத்தோள் பூ விழுந்தால் சம்மதம், இடத்தோள் பூ விழுந்தால் மறுப்பு. காலை பத்து மணிக்கு மாரப்பன், கமிட்டி சொல்லிக்கொடுத்தபடி, "வாசக்காரிய வெளிய நிறுத்தட்டுமா ஆத்தா?" என்று கேட்டார். உச்சிவேளையாயிற்று, பூ அசையவில்லை. பூவை மாற்றிக் கேட்டார்கள். மூன்று மணியாயிற்று, அசையவில்லை. "பூவுல ஈரம் சாஸ்தி, அதான் ஒட்டிக்கிச்சு" என்றார் நாச்சிமுத்து. தாம் நினைத்த பதில் வராவிட்டால் பூவின் மேல் பழி.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு கோகிலவாணி உள்ளே வந்தாள்.

"மாமா, கேள்விய மாத்திக் கேளுங்க."

"ஒடம்பு சரியில்லாத புள்ள, நீ போயி உக்காரு கண்ணு."

"நான் எந்திரிச்சு நடக்கறதே அவுங்களாலதானுங்க மாமா. ஒருக்களிச்சுப் போட்டது யாரு, அவுங்களக் கையெடுத்துக் கும்பிடோணும்னு டாக்டரு கேட்டாரு. நம்மூட்ல ஒருத்தரும் பேரச் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். மாரப்பன் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. புதுப் பூ இரண்டு எடுத்து ஒட்டினார். பதினெட்டு ஆண்டில் முதன்முறையாக அந்தப் பெயர் சந்நிதியில் ஒலித்தது. "ஆத்தா, உன்ற வாசலுக்குப் பாவாத்தா வர..."

கேள்வி முடியவில்லை. வலத்தோள் பூ விழுந்தது. காலடியில் இருந்த செம்புக்குள், விளிம்பு நசுங்கிய அதே செம்புக்குள், தீர்த்தத்தின் மேல் விழுந்து மிதந்தது.

மாரப்பன் அந்தச் செம்பையே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். பின்னால் ஊர் நடந்தது. வராந்தாவில் பாவாத்தாள் நினைவிழந்தவராகக் கண்மூடிப் படுத்திருக்க, ஒரு பெண் அவரை ஒருக்களித்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாவாத்தா, ஆத்தா கூப்புடுது."

அவர் கண் திறந்து, செம்பில் மிதந்த பூவைப் பார்த்தார். கண் நிறைந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, "இன்னும் ரெண்டு பேரு செஞ்சு பாக்கோணுங்க பூசாரி. கத்துக்கிட்டாங்கன்னா வந்தர்றேன்" என்று சொல்லி மறுபடி படுத்துக்கொண்டார். மாரப்பன் செம்போடு வராந்தா ஓரத்தில் உட்கார்ந்தார். தெய்வம் அழைத்தும் கையிலிருந்த தொண்டினை முடித்துவிட்டே அவர் எழுந்தார். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நாச்சிமுத்து மன்னிப்புக் கேட்டாரா? கேட்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்றார். பாவாத்தாள் கல்லைத் தாண்டியபோது வழி விட்டார். அவ்வளவுதான். பெரிய மனிதர்களின் வாய்க்கு அதற்குமேல் பயிற்சி இல்லை.

ஆனால் அந்தக் கோயிலில் அன்றுமுதல் ஒரு முறை உண்டு. வாசலில் யாராவது மயங்கி விழுந்தால் பூசாரி உடனே தீர்த்தம் கொடுப்பதில்லை. செம்பை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "பேரச் சொல்லு கண்ணு" என்று கேட்பார். எழுந்து உட்கார்ந்து, தம் வாயால் பெயர் சொன்னவருக்கே தீர்த்தம். சொல்லாதவரை ஒருக்களித்துப் போட அந்த ஊரில் அறுபது பெண்கள் இருக்கிறார்கள்.

சீமாறு பிடித்த கையால் செல்லாண்டியம்மன் வாசலையும் மனிதர் மூச்சையும் காத்த பாவாத்தாளின் அடியார்க்கும் அடியோம்.